பொங்கல் மஞ்சள் கொத்தை வீணாக்க வேண்டாம்

பொங்கல் முடிந்து, விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளம்பிய பிறகு, பானையில் கட்டிய மஞ்சள் கொத்து கிராமத்து வீடுகளின் திண்ணையோரத்தில் வாடிக்கிடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கிழங்குகளைப் பிரித்து, வேரை நீக்கி, மண் போகக் கழுவி, மூழ்கும் அளவு நீரூற்றி, ஈர்க்குச்சி தடையின்றி இறங்கும் வரை வேகவையுங்கள். தை மாதத்துப் பனி அதிகாலையில் எல்லாவற்றையும் நனைத்துவிடும் என்பதால், வெயில் ஏறிய பிறகே முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தி, பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். உருண்டைக் கிழங்கு, விரல்போல் நீண்ட விரலி மஞ்சளைவிட மெதுவாகக் காயும், ஆகவே அதை வேகவைத்தபின் இரண்டாகப் பிளந்து போடுவதே நல்லது. சுமார் 2 வாரத்தில், ஒடித்தால் ஓசையுடன் முறியும் பதம் வந்ததும் இடித்துச் சலித்து, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ளலாம்.