பர்லியார் தாண்டினால் பனி: தாடை தூக்கும் ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. ஐம்பது கிலோமீட்டர் சாலையில் வண்டி 1,900 மீட்டர் ஏறிவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஆக, கல்லாறு பாக்குத்தோப்பு ஓரம் வியர்த்து வழிந்த தலை, இரண்டு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்த காற்றில் இருக்கும். வழியில் பர்லியார் தாண்டி மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

ஹெல்மெட் வாங்குவது பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை நாற்கரச் சாலையில் நூறில் போகிறவருக்கானவை. காற்று இரைச்சல் எவ்வளவு, துளைகள் எத்தனை என்று அவை அடுக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுள்ள குன்னூர் பாதையிலும், முப்பத்தாறு வளைவுள்ள கல்லட்டியிலும் வண்டி இருபது, முப்பதில் ஊர்கிறது. அந்த வேகத்தில் காற்றுத்துளைகள் பெயருக்குத்தான்.

மாடுலர் ஹெல்மெட்டின் விற்பனைப் பேச்சே, பொத்தானை அழுத்தினால் தாடைப் பகுதி மேலே போகும் என்பது. மலைக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டி ஓடும்போது தாடையைத் தூக்கத் தோன்றாத ஹெல்மெட் எது? விசரில், அதாவது கண்ணுக்கு முன்னாலுள்ள ஒளிபுகும் தகட்டில், ஆவி படிந்து பாதை மறைந்தால் கை தானாகவே அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். தூக்கியதும் கண் தெரியும், ஆனால் முகத்துக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. இறக்கத்தில் திடீரென்று பிரேக் பிடித்தால் தூக்கிய தாடை பாதி இறங்கிப் பார்வையை மறைக்கவும் கூடும். கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நிலையைத் தவிர்ப்பதற்காகவே.

உங்களுக்கு மாடுலர் தேவையா

மூக்குக் கண்ணாடி போடுகிறவருக்குத் தேவை. தாடையைத் தூக்கினால் கண்ணாடியைக் கழற்றாமலே ஹெல்மெட்டை மாட்டலாம். சோதனைச் சாவடியில் முகம் காட்ட, டீக்கடையில் ஒரு மடக்கு குடிக்க, பெட்ரோல் பங்கில் பேச என்று அடிக்கடி நிற்கிறவர்களுக்கும் வசதிதான். இவை எதுவும் உங்கள் கதை இல்லையென்றால் அதே விலையில் நல்ல ஃபுல் ஃபேஸ், அதாவது தாடை தூக்காத முழு முக ஹெல்மெட், வாங்குங்கள். அது எடை குறைவாக இருக்கும், மழைநீர் நுழைய இணைப்பும் குறைவு. மாடுலர்கள் பொதுவாக 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவைத் தேடிக் கழுத்தைத் திருப்புகிற சாலையில் இருநூறு கிராம்கூட மாலையில் வலியாகத் தெரியும். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் இதே கணக்குதான்.

முத்திரைகள்

2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தர எண் ஐ.எஸ். 4151. முத்திரையின் அருகே இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சாலையோரத்தில் விற்கும் போலி ஸ்டிக்கர்கள் பல இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

அதற்கு மேல், ஐரோப்பியச் சான்றான ஈ.சி.இ. 22.06 இருந்தால் நல்லது. முந்தைய 22.05-இல் இல்லாத சாய்வு மோதல் சோதனை, அதாவது தலை சுழலும் விதமாக இடிபடுவதைப் பார்க்கும் சோதனை, இதில் உண்டு. தாடை நாடாவில் தைத்திருக்கும் சிறு துணிப்பட்டையைப் புரட்டுங்கள். வட்டத்துக்குள் ஈ எழுத்து, கீழே ஒப்புதல் எண் இருக்கும். எண் 06 என்று தொடங்கினால் அது 22.06. எண்ணை ஒட்டி வரும் எழுத்துகள்தாம் மாடுலருக்கு உயிர். பி என்றால் தாடை மூடியிருக்கும்போது முழு முக ஹெல்மெட்டாகச் சோதித்தது. ஜே என்றால் முகம் திறந்த ஹெல்மெட்டாகச் சோதித்தது. பி/ஜே என்று இரண்டும் இருந்தால் இரு நிலையிலும் தேறியது. என்.பி. என்றிருந்தால் அந்தத் தாடைப் பகுதி பாதுகாப்புக்கானதாகவே கணக்கில் இல்லை. அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

அமெரிக்க டாட் முத்திரையை மட்டும் காட்டி விற்றால் மயங்க வேண்டாம். அது தயாரிப்பாளர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சான்று. தாடைப் பகுதியில் மோதல் சோதனையும் அந்த விதியில் இல்லை.

அளவு

புருவத்துக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு, பின்னந்தலையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றித் தையல் டேப்பால் அளவெடுங்கள். 57–58 செ.மீ. என்றால் பெரும்பாலும் எம், 59–60 எல், 61–62 எக்ஸ்.எல். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் சிறியதை எடுங்கள். கன்னப் பஞ்சு சில வாரங்களில் அமுங்கும். பெரிதாக எடுத்தது ஒருநாளும் சுருங்காது.

கடையில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நெற்றியின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் வலித்தால் உங்கள் தலை நீளவாக்கு, ஹெல்மெட்டின் உட்புறம் உருண்டை. அளவு பெரிதாக்கினால் தீராது, வேறு மாடல்தான் பார்க்க வேண்டும். நாடாவைக் கட்டியபின் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி இழுங்கள். தலையைவிட்டுக் கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் விழும்போதும் கழன்றுவிடும். அடுத்து, மூடிய தாடைப் பகுதியை முன்னாலிருந்து முகத்தை நோக்கி அழுத்துங்கள். முகவாயையோ மூக்கையோ தொடக் கூடாது.

மலையில் மட்டும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. குரங்குக் குல்லாவின் மேல் ஹெல்மெட் மாட்டுவது. கம்பளிக் குல்லாவோடு பொருந்துகிற அளவு, குல்லா இல்லாத கோவை வெயிலில் தளர்ந்து ஆடும். குல்லா இல்லாமல் பொருந்துகிற அளவு, குல்லாவோடு மாட்டினால் நெற்றியில் ஏறி நிற்கும். குளிருக்கு மெல்லிய, ஒட்டிய தலையுறை போதும். அதைப் போட்டபடியே அளவு பாருங்கள். கொண்டை போடுகிறவர்கள் அதைக் கழுத்துக்கு இறக்கிப் பின்னிக்கொண்டு மாட்டிப் பார்க்க வேண்டும்.

கொக்கி

தாடையைப் பூட்டும் கொக்கி இருபுறமும் உண்டு. அது உலோகத்தாலானதா என்று திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி புதிதில் நன்றாகவே பிடிக்கும். தினம் பத்து முறை திறந்து மூடினால் விளிம்பு தேய்ந்து, மூடிய தாடையே லேசாக ஆடத் தொடங்கும். கடையில் இருபது முறை திறந்து மூடிவிட்டு, மூடிய நிலையில் தாடையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள்.

மூடுவதற்கும் முறை இருக்கிறது. ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் ஒரு பக்கக் கொக்கி மட்டும் விழும், மறுபக்கம் விழுந்தது போலவே இருக்கும். நடுவில் கை வைத்து, இரு பக்கமும் கிளிக் கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு பொத்தானைத் தொடாமல் தாடையை மேல்நோக்கி ஒரு இழுப்பு இழுங்கள். வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

பி/ஜே ஹெல்மெட்டுகள் பலவற்றில் தூக்கிய தாடையை மேலேயே பூட்ட ஒரு சிறு நெம்பு இருக்கும். இல்லாததில் தாடை உராய்வில் மட்டுமே நிற்கும். இரண்டிலுமே, தூக்கிய தாடை காற்றைப் பாய்போலப் பிடித்துக் கழுத்தைப் பின்னால் இழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் கையுறையைக் கடைக்குக் கொண்டுபோங்கள். தடித்த குளிர்காலக் கையுறையோடு பொத்தான் அகப்படுகிறதா, நாடாவை மாட்ட முடிகிறதா, உள்ளிருக்கும் கறுப்பு விசரின் நெம்பு இடக்கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். தேயிலைத் தோட்ட வெயிலிலிருந்து சோலை நிழலுக்குள் நுழையும்போது கறுப்பு விசரை உடனே ஏற்ற வேண்டியிருக்கும். நெம்பைத் தேடும் நேரத்தில் வளைவு வந்துவிடும். நாடாவுக்கு, அடிக்கடி கழற்றுகிறவர்களுக்குப் பல்வைத்த பக்கிள் எளிது. இரட்டை வளையத்தை ஒவ்வொரு முறையும் சரியான இறுக்கத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் முகவாய்க்கும் நாடாவுக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

ஆவி

மூச்சுக்காற்று உடல்சூட்டோடும் முழு ஈரத்தோடும் வெளிவருகிறது. குளிர்ந்த விசரில் பட்டதும் அந்த ஈரம் நுண்துளிகளாகப் படியும். வண்டி மெதுவாகப் போவதால் அதை அடித்துப்போகக் காற்றும் இல்லை. ஆகவே மலைக்கு வாங்கும் ஹெல்மெட்டில் பின்லாக் கட்டாயம் என்றே சொல்லலாம். பின்லாக் என்பது விசரின் உட்புறம் பொருத்தும் இரண்டாவது மெல்லிய தகடு. இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று, உள்தகடு குளிராமல் காக்கிறது. உள்தகடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும்.

விளம்பரத்தில் பின்லாக் ரெடி என்று போட்டிருந்தால் விசரில் இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன என்று பொருள். தகடு பெட்டிக்குள் வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். 30, 70, 120 என்று தரம் உண்டு. எண் கூடக்கூட ஆவியைத் தாங்கும் நேரம் கூடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் 70-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பொருத்தும்போது விசரைக் கழற்றி, லேசாக விரித்துப் பிடித்து, தகட்டின் சிலிக்கான் விளிம்பு விசரைப் பார்க்க இரண்டு ஆணிகளுக்கும் நடுவில் உட்கார வையுங்கள். விளிம்பு சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் ஆணியைச் சிறிது திருப்பினால் தகடு இறுகும். கடைசியாகப் பாதுகாப்புத் தாளை உரியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நீர் புகுந்து பால்போல வெளுத்தால் விளிம்பு சரியாக ஒட்டவில்லை. தகடு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாமல் கழற்றிக் காயவைத்து, ஆணியைச் சரிசெய்து பாருங்கள்.

மூக்குக் கண்ணாடிக்குப் பின்லாக் உதவாது. அதற்கு மூக்கின் மேல் வளையும் ரப்பர் மூச்சுத்தடுப்பு வேண்டும். அது முகத்தோடு ஒட்டி நின்றால்தான் மூச்சு கீழே இறங்கும். முகவாய்க்கு அடியில் மாட்டும் துணித்திரையை மட்டும் மெதுவான ஏற்றத்தில் கழற்றிவிடுங்கள். அது குளிரை மறிக்கும், மூச்சையும் உள்ளேயே அடைக்கும். வாயைச் சுற்றி மஃப்ளர் கட்டினால் மூச்சு முழுவதும் மேலே விசருக்குப் போகும். மஃப்ளரை உதட்டுக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள்.

விசரின் முதல் பல்லைப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் அளவு திறந்து அப்படியே நிற்க வேண்டும். மஞ்சில் உங்களைக் காப்பாற்றுவது அந்தச் சிறு இடைவெளிதான். முழுதாகத் திறக்கத்தான் முடியும், இல்லையென்றால் தானாக மூடிக்கொள்ளும் என்றால் மலைக்கு அது வேண்டாம்.

விசர் நிறமற்றதாக இருக்கட்டும். புகைநிறமும் பாதரச மினுக்கும் மஞ்சில் எதிர்வண்டியை மறைக்கும். கீறல் விழுந்த விசரில் எதிரே வரும் ஹெட்லைட் சிதறிப் பாதை முழுக்க வெளுத்துப்போகும். அதற்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டியதுதான். அதனால் வாங்கும்போதே மாற்று விசர் கிடைக்கும் மாடலா என்று கேட்டுவிடுங்கள்.

மழை

கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் கொட்டும். மாடுலரில் நீர் நுழையும் இடங்கள் இரண்டு: விசரின் மேல்விளிம்பு ரப்பர், தாடையும் ஓடும் சேரும் பக்க இணைப்பு. மாற்றித் தரும் கடையாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் மூடிய ஹெல்மெட்டின் மேல் ஒரு செம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றி உட்புறம் துடைத்துப் பாருங்கள். மேல்விளிம்பில் கசிந்தால் அந்த நீர் நேரே பின்லாக்கின் நடுவில்தான் இறங்கும்.

இன்டர்காம் மாட்டுகிறவர்கள் கிளாம்ப் தாடை சுழலும் பாதையில் இடிக்காத இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காதருகே ஸ்பீக்கருக்குக் குழி இல்லாவிட்டால் காதுமடல் நசுங்கும்.

பராமரிப்பு

ஆடி மழையில் ஊட்டியில் உள்துணி காய இரண்டு மூன்று நாள் ஆகும். ஷாம்பு போட்டுக் கையால் அலசி நிழலில் காயவையுங்கள். முடிந்தால் இன்னொரு செட் உள்துணி வாங்கி வையுங்கள், பூஞ்சை வாடை வராது. கணப்பு அடுப்புக்கு அருகில் ஹெல்மெட்டை வைத்து உலர்த்த வேண்டாம். அடியை வாங்குவது உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை. சூட்டில் அது சுருங்கும். பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்த்து வைப்பதும், கண்ணாடிக் கம்பியில் தொங்கவிடுவதும் அந்த நுரையைத்தான் கெடுக்கும்.

பின்லாக் தகட்டை மிதமான சோப்புநீரும் மென்துணியும் கொண்டு மட்டும் துடையுங்கள். கொக்கியில் செம்மண் சேர்ந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு சொட்டு விடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால், மேட்டுப்பாளையத்தில் வழுக்கிய கொக்கி குன்னூரில் விழாது. 24 டிகிரிக்குக் கீழே அந்த எண்ணெய் உறைந்துவிடும்.