‘டைடிலி’ கடலிலிருந்து வரவில்லை

ஒரு வேலையை அடுக்காக, சுத்தமாக முடித்தால் ஆங்கிலத்தில் ‘டைடிலி’ என்பார்கள். இதன் வேரைத் தேடப் போகிறவர்கள் பலர் முதலில் வழுக்குவது கடற்கரையில்தான். ‘டைட்’ என்றால் கடல் ஓதம். அலை வந்து மணலைத் துடைத்துவிட்டுப் போகிறது. அதனால் டைடி என்றால் சுத்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சான்றுதான் இல்லை.

‘டைட்’டின் பழைய ஆங்கில வடிவம் ‘டீட்’. அதற்கு நேரம், பருவம் என்று பொருள். கிறிஸ்துமஸ்டைட், ஈஸ்டர்டைட் போன்ற சொற்களில் அந்தப் பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடல் ஓதம் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து சேர்ந்தது. ‘டைம் அண்ட் டைட்’ யாருக்காகவும் காத்திருக்காது என்ற பழமொழியிலும் முதலில் இருந்தது பருவம்தான். ஆக, அந்த ‘டைட்’டிலிருந்து பிறந்த டைடி என்றால் முதலில் ‘உரிய காலத்தில் வந்த’ என்று பொருள். உரிய காலத்தில் வந்தது நல்லது, நல்லது பார்க்க லட்சணமானது என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் ‘ஒழுங்கானது’ ஆனது. 13ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் டைடியைப் பார்த்து வீடு பெருக்கிய கதை என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்த தவறு, காதை மட்டும் நம்புவது. ஜெர்மனில் நேரத்துக்கு ‘ட்சைட்’. ஒலி விலகியிருந்தாலும் உறவு உறுதி, ஏனென்றால் ஆங்கில ‘ட’ சொல்லின் முதலில் வந்தால் ஜெர்மனில் ‘ட்ச’ ஆவது வழக்கம்: டென்–ட்சேன் (பத்து), டங்–ட்சுங்க (நாக்கு). இப்படி வரிசையாக ஒத்துவருவதுதான் சாட்சி. ஒற்றைச் சொல்லின் சாயல் எதையும் நிரூபிக்காது.

சாயலை நம்பினால் ‘நீட்’டில் மாட்டிக்கொள்வீர்கள். சுத்தம் என்ற நீட், ‘பளபளப்பான’ என்னும் லத்தீன் நிடிடுஸிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மளிகைப் பாக்கெட்டில் இருக்கும் ‘நெட் வெயிட்’டும் அதே குடும்பம். மாடு என்ற பொருளுள்ள இன்னொரு நீட் பழைய ஆங்கிலச் சொல். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தோல் பொருள்களுக்குப் பூசும் ‘நீட்ஸ்ஃபுட் ஆயில்’ மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. அதைச் சுத்தமான எண்ணெய் என்று மொழிபெயர்த்தால் மாடுகூடச் சிரிக்கும்.

கடைசியில் வரும் ‘லி’யையும் வெறும் ஒட்டு என்று தள்ளிவிடுகிறார்கள். அது உடல், வடிவம் எனப் பொருள்படும் ‘லிக்’ என்ற முழுச் சொல்லின் மிச்சம். ‘போல’ என்னும் ‘லைக்’கும் அதன் உறவுதான்.