அலர்ஜி உள்ள குழந்தைக்காக மெசேஜ் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலை, பால், முட்டை என ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தையை அப்பா, அம்மா மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. பாட்டி, டீச்சர், பகலில் பார்த்துக்கொள்பவர் எனப் பலர் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது நல்ல வேலைதான். ஆனால் சேர்த்தாயிற்று, இனி பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, உடம்பில் தடிப்பு வந்ததும் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. கடுமையான ஒவ்வாமை, அதாவது அனாஃபிலாக்சிஸ், சில நிமிடங்களில் முற்றிவிடும். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரும். அப்போது போட்டோவில் என்ன தெரியப்போகிறது? மூச்சுத் திணறல், குரல் கம்முவது, நாக்கு வீங்குவது, குழந்தை துவண்டு போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவர் எழுதிக்கொடுத்த எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள். அடுத்து ஆம்புலன்ஸ். மெசேஜ் எல்லாம் அப்புறம். "முதலில் அலர்ஜி சிரப் கொடுத்துப் பாருங்கள்" என்று யாராவது பதில் போட்டால் கேட்காதீர்கள். சிரப் அரிப்பைக் குறைக்கும்; மூச்சடைப்பை நிறுத்தாது. ஊசி போட்டதும் குழந்தை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

"பால் கொடுக்காதீங்க" என்று மொட்டையாக எழுதுவதும் தவறு. பாக்கெட்டில் கேசீன் (casein), வே (whey) என்று போட்டிருந்தால் அதுவும் பால்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

நீல டிக் வந்தால் மெசேஜைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புரிந்ததா என்று அது சொல்லாது. "ஊசி எந்தப் பையில் இருக்கிறது?" என்று கேட்டு, பதில் வாங்குங்கள். புதிதாக ஒருவர் பார்த்துக்கொள்ள வந்தால் போனிலாவது பேசிவிடுங்கள்.

பழைய மெசேஜையே நம்பியிருப்பதும் உண்டு. எடை கூடினால் ஊசியின் அளவு மாறலாம், காலாவதித் தேதியும் வந்துவிடும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அலர்ஜி வந்தால் என்ன செய்வது என்ற புதிய திட்டத்தைக் குழுவில் மேலே தெரியும்படி பின் (pin) செய்து, பழையதை நீக்குங்கள். தானாக மறையும் மெசேஜ் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதே திட்டம் ஒரு தாளிலும் ஊசியோடு இருக்கட்டும். போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில் அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.