மழை விட்ட பிறகு வந்த மின்வாய்: ஆராய்ச்சி மானியத்துக்கு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இளம் விரிவுரையாளர்கள் மூவர் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். வவுனியாவில் ஓமந்தைப் பக்கத்திலும் செட்டிகுளம் பக்கத்திலும் கிணற்று நீரில் உள்ள புளோரைட்டு, மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு. கேள்வி நல்ல கேள்வி. முறையும் சரி. கால அட்டவணைக்கு வந்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. "முதலாம் மாதம்: கருவிக் கொள்முதல். இரண்டாம் மாதம்: மாதிரி சேகரிப்பு." 2021இல் நான் எழுதியதும் சொல்லுக்குச் சொல் இதுதான்.

முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள், எழுத்துப்பிழை பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வன்னியில் இருந்து ஆராய்ச்சிக் காசுக்கு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற, நானும் விழுந்து எழும்பிய குழிகளை மட்டும் சொல்கிறேன்.

முடிந்துபோன காசை மனதில் வைத்து எழுதுவது

எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் விண்ணப்பங்களை மாதிரியாக எடுத்து எழுதுவது வழக்கம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த விண்ணப்பங்களில் பல, உலக வங்கிக் கடனில் ஓடிய திட்டங்களுக்கு எழுதப்பட்டவை. 2017இல் தொடங்கிய, 100 மில்லியன் டொலர் பெறுமதியான 'அஹெட்' என்ற உயர்கல்வித் திட்டம் அவற்றுள் பெரியது. ஆய்வுக் குழுக்களுக்கும், ஆய்வைச் சந்தைக்குக் கொண்டுபோகும் முயற்சிகளுக்கும் அதில் தனித்தனிப் பங்கு இருந்தது. அது 2023இல் முடிந்துவிட்டது. அந்தக் காலத்து வரவுசெலவைப் பார்த்து இன்றைக்குத் தொகை போட்டால் மதிப்பீட்டாளர் முதற் பக்கத்திலேயே உங்களை ஒதுக்கிவிடுவார்.

இப்போது நம்பக்கூடியவை, தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் போட்டி அடிப்படையில் தரும் மானியங்களும், அவரவர் பல்கலைக்கழகம் உள்ளுக்குள் தரும் சிறு தொகைகளும்தான். நாடு முழுவதும் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம். அந்தச் சின்னப் பானையிலிருந்துதான் கொழும்பும் பேராதனையும் யாழ்ப்பாணமும் நாங்களும் அள்ள வேண்டும். திறைசேரி பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பணத்தில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போகிறது. மிச்சத்தில் ஆய்வுகூடத்துக்கு என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

காசின் போக்கும் மாறிவிட்டது. ஒரு விரிவுரையாளர் தனியே தன் ஆய்வுகூடத்தில் செய்யும் வேலைக்குக் கொடுப்பதைவிட, பல துறையினர் சேர்ந்து ஒரு நாட்டுப் பிரச்சினையைக் குறிவைக்கும் ஆய்வுக்கும், தனியார் துறை பங்காளியாகும் ஆய்வுக்கும் கொடுக்கவே நிறுவனங்கள் விரும்புகின்றன. தேசிய ஆராய்ச்சிப் பேரவை இவற்றுக்கென்றே தனி மானிய வகைகள் வைத்திருக்கிறது. வன்னிக்கு இது நல்ல செய்தி என்றே நான் நினைக்கிறேன். கிணறு, குளம், நெல், சிறுநீரக நோய் என்று எங்கள் பிரச்சினைகள் எதுவும் ஒரு துறைக்குள் அடங்குபவை அல்ல.

கொள்முதலையும் மழையையும் மறந்த கால அட்டவணை

இதைப் பற்றித்தான் நான் ஆறுதலாகப் பேச வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இது.

எனக்கு மானியம் கிடைத்தது என்ற கடிதம் 2021 கடைசியில் வந்தது. முதல் தவணைக் காசு 2022 தை மாதம். புளோரைட்டை அளக்கும் மின்வாய் (இலக்ட்ரோட்) ஒன்று வேண்டும். கையடக்கமான சாமான், ஒரு தடித்த பேனை அளவு. ஆனால் கொழும்பு முகவர் ஊடாக வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். விண்ணப்பத்தில் விலையை மட்டும் எழுதியிருந்தேனே தவிர, கருவி என்னென்ன தன்மையோடு இருக்க வேண்டும் என்று சொல்லும் விவரக்குறிப்பு எழுதி வைத்திருக்கவில்லை. காசு வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நான் பாவித்துப் பழகிய கம்பனியின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் போட்டு அனுப்பினேன். அரச கொள்முதலில் அப்படிப் போட ஏலாது என்று கோப்பு திரும்பி வந்தது. பொதுவான விவரக்குறிப்பாக மாற்றி அனுப்பினேன். மூன்று விலைமனு கோரினார்கள். ஒன்றுதான் வந்தது. திரும்பக் கோரினார்கள். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் லீவில் போய்விட்டார். கொள்முதல் கட்டளைக் கடிதம் கையெழுத்தாகிறபோது பங்குனி முடியப்போகிறது.

அந்தப் பங்குனியில் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மாதத் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணய மாற்று, வைகாசிக்குள் 360ஐத் தாண்டியது. முகவரின் விலைமனு 30 நாளுக்குத்தான் செல்லும். "மேடம், பழைய விலைக்குத் தர எங்களால் முடியாது, வங்கியும் எல்.சி. திறக்குதில்லை" என்று தொலைபேசியில் சொன்னார். எல்.சி. என்பது இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் கடிதம். அவரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. விலை கூடியதால் வேறு செலவுத் தலைப்பில் இருந்து காசை மாற்ற வேண்டும். அதற்கு நிதி தந்த நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்துக்கே இரண்டு மாதம். நடுவில் பெற்றோலும் இல்லை. கிணறு பார்க்க நெடுங்கேணிக்குப் போவதற்கு வரிசையில் நின்று கிடைத்த எரிபொருள் வீட்டுக்கே போதவில்லை.

மின்வாய் வந்து சேர்ந்தது 2023 மாசியில். பெட்டியைத் திறந்து பார்த்தேன். நுரைப்பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே காலபோக நெல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முந்திய மாதிரி எடுக்க வேண்டிய ஆவணி, புரட்டாதி எப்போதோ போய்விட்டது. மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. ஒரு முழு நீரியல் ஆண்டு கையை விட்டுப் போனது. எனக்காக ஒரு வருடம் காத்திருந்த ஆராய்ச்சி உதவியாளருக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அவர் போனார், போகத்தான் வேண்டும். அவரோடு, எந்த வீட்டில் கட்டுக்கிணறு, எந்த வீட்டில் குழாய்க்கிணறு என்று அவர் மனதில் வைத்திருந்த வரைபடமும் போயிற்று.

இந்தக் கதையைச் சொன்னால் இளையவர்கள் உடனே, "மேடம், அது நெருக்கடி வருசம்தானே, இப்ப அப்பிடி இல்லை" என்கிறார்கள். இதுதான் என்னை எரிச்சலூட்டும் பதில். நெருக்கடி வராமல் இருந்திருந்தாலும் என் மின்வாய் இரண்டாம் மாதத்தில் வந்திராது. விவரக்குறிப்பு, விலைமனு, மதிப்பீட்டுக் குழு, அங்கீகாரம், கட்டளை, இறக்குமதி என்று வரிசையாக நிற்கும் படிகளை எந்த நல்ல வருடமும் குறைப்பதில்லை. நாட்டின் நெருக்கடி என் தாமதத்தை ஒரு வருடமாக நீட்டியது. தாமதம் என் அட்டவணையிலேயே இருந்தது.

ஆகையால் அந்த மூவரையும் இருத்திவைத்து அட்டவணையைப் பின்னாலிருந்து எழுதச் சொன்னேன். வன்னிக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையில்தான் விழும். அப்படியானால் மழைக்கு முந்திய மாதிரி புரட்டாதி நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும். கருவியைப் பழகி, செறிவு தெரிந்த நியமக் கரைசல்களோடு சரிபார்க்க ஒரு மாதம். அப்போ ஆவணி நடுவில் கருவி மேசையில் இருக்க வேண்டும். முகவர் கொண்டுவர மூன்று மாதம்: வைகாசி நடுவில் கட்டளை போயிருக்க வேண்டும். விலைமனுவுக்கும் குழுவுக்கும் இரண்டு மாதம்: பங்குனி நடுவில் கோரியிருக்க வேண்டும். விவரக்குறிப்பு மாசியில் தயார். "காசு ஆனியில வந்தா?" என்று ஒரு தம்பி கேட்டார். சரியான கேள்வி. ஆனியில் வந்தால் அந்த வருட மழையை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் வருடத்துக்கு அயல் பீடத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ கருவியை இரவல் வாங்க இப்போதே கடிதம் பெற்று விண்ணப்பத்தோடு இணையுங்கள். மாதிரியைப் பொலித்தீன் போத்தலில் எடுத்துப் பாதுகாக்கலாம் (புளோரைட்டைக் கண்ணாடிப் போத்தலில் வைக்கக்கூடாது, கண்ணாடியோடு அது தாக்கமுறும்). ஆனால் பெய்து முடிந்த மழையைத் திரும்பக் கூப்பிட முடியாது.

இன்னும் இரண்டு விடயம் இதோடு சேர்ந்தவை. விலையை எழுதும்போது எந்தத் திகதியின் நாணய மாற்றில் எழுதினீர்கள் என்று வரவுசெலவு நியாயப்படுத்தலில் குறிப்பிடுங்கள். விலை ஏறினால் அனுமதி கேட்கும் கடிதத்துக்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம். அடுத்தது, அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அரச ஒதுக்கீட்டில் செலவழியாத காசு அடுத்த ஆண்டுக்குத் தானாக வராது. மார்கழியில் சிட்டைகளைத் தூக்கிக்கொண்டு நிதிக் கிளைக்கு ஓடுகிறவர்களில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம்.

சிட்டை இல்லாத செலவு

ஓட்டோ அண்ணை சிட்டை தரமாட்டார். வவுச்சர் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள்.

பெயருக்கு ஒரு கூட்டு ஆய்வாளர்

வேலை செய்யாதவரின் பெயரைப் போடாதீர்கள்.

கருவி கேட்பது, அதன் உயிரைக் கேட்க மறப்பது

கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்துக்கு ஜப்பானின் நன்கொடையில் ஆய்வு-பயிற்சிக் கட்டடத் தொகுதி எழுந்தது. பொறியியல் பீடமும் அங்கேதான் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா 2021 ஆவணி முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. போர் முடிந்த மண்ணில் இவற்றைக் கண்ட சந்தோசம் எங்கள் தலைமுறைக்குத்தான் தெரியும். ஆனால் கட்டடமும் கருவியும் ஒரு தடவை கிடைக்கும் காசு. வாயு உருளை, வடிகட்டி, மின்வாயின் மென்சவ்வு, கொழும்பிலிருந்து வரும் திருத்துநரின் பயணப்படி ஆகியவை வருடா வருடம் கேட்கும் காசு. மானியத்தில் பெரிய கருவியைக் கேட்டுவிட்டு இவற்றுக்கு ஒரு சதமும் ஒதுக்காத விண்ணப்பங்கள் இன்னும் வருகின்றன. மின்வெட்டும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் இருக்கும் இடத்தில், தொடர் மின் வழங்கிக்கு (யூ.பி.எஸ்.) காசு போடாமல் நுண்கருவி கேட்பதும் இதே தவறுதான்.

இளையவர்களுக்கு நான் சொல்வது, முதல் மானியத்தில் பெரிய கருவி கேட்காதீர்கள். பகுப்பாய்வைக் கட்டணத்துக்குச் செய்து தரும் ஆய்வுகூடத்தின் விலையைப் போடுங்கள். முடிவு வரும், கட்டுரை வரும். அதைக் காட்டி அடுத்த மானியத்தில் கருவி கேட்கலாம்.

ஊரைக் கேட்காமல் ஊரைப் பற்றி எழுதுவது

ஒருமுறை ஒரு வயதான அம்மா தன் கிணற்றடியில் வைத்து என்னிடம் கேட்டார்: "பிள்ளை, போன முறையும் வந்து போத்திலில தண்ணி எடுத்துக்கொண்டு போனவை. தண்ணி குடிக்கலாமோ இல்லையோ எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை." அன்றிலிருந்து என் எல்லா வரவுசெலவிலும் முடிவுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவுக்கு ஒரு வரி இருக்கிறது. புளோரைட்டுக்கு இலங்கையின் குடிநீர்த் தர எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். அந்த எல்லைக்கு மேலே உங்கள் கிணறு இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க அச்சுக் காசு மிகக் குறைவு. ஆய்வினால் சமூகத்துக்கு என்ன பயன் என்று விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியாது. மதிப்பீட்டாளர்களும் இதைக் கவனிக்கிறார்கள்.

நெறிமுறை அனுமதி

வினாக்கொத்தை அச்சடிக்க முதல் எடுங்கள்.

மறுப்புக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போடுவது

முதல் மறுப்பு வந்தபோது நான் அதை மூன்று மாதம் திறந்து பார்க்கவில்லை. பார்த்தபோது இரண்டாம் மதிப்பீட்டாளர் என் மாதிரித் தெரிவில் இருந்த பிழையைத் தெளிவாகச் சுட்டியிருந்தார். எல்லாக் கிணறும் ஏ-9 வீதி ஓரத்துக் கிணறுகள், உட்புறக் கிராமங்கள் எங்கே என்று கேட்டிருந்தார். வாகனத்துக்கு வசதி என்பதற்காக நான் செய்த தெரிவு அது. அந்தக் கருத்தை எடுத்துத்தான் அடுத்த விண்ணப்பத்தில் செட்டிகுளத்தின் உட்புறக் கிராமங்களைச் சேர்த்தேன். காசு கிடைத்த விண்ணப்பம் அதுதான்.

அந்த மூவரும் நேற்று அட்டவணையைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். மின்வாய்க்கான விவரக்குறிப்பு, கம்பனிப் பெயர் எதுவும் இல்லாமல், விண்ணப்பத்தின் பின்னிணைப்பாகவே இருக்கிறது. முதல் வருடத்துக்குக் கருவி இரவல் தரச் சம்மதித்து அயல் பீடம் கொடுத்த கடிதமும் இருக்கிறது. இருநூறு பொலித்தீன் போத்தல்களை இப்போதே அமிலத்தில் ஊறவைத்துக் கழுவத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.