அலைச் சத்தம் எல்லோருக்கும் அமைதி தராது: மன அதிர்ச்சிக்குப் பாட்டும் ஜெபமும் கொடுக்கும்போது செய்யக் கூடாதவை

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தக் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மனசு அமைதியாகட்டும் என்று கடல் அலைச் சத்தத்தை ஓடவிட்டால் எப்படி இருக்கும்? செல்போனில் 'மன அமைதிக்கு' என்று தேடிப் பாருங்கள், அலையும் மழையும்தான் முதலில் வந்து நிற்கும். யார் கேட்கப்போகிறார்கள் என்று யோசிக்காமல் நாமும் அதையே போட்டுவிடுகிறோம்.

நான் ஒரு சின்ன ஜெபக்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். விபத்திலும் வன்முறையிலும் அடிபட்டவர்கள் அங்கே வருவார்கள், உளவியல் ஆலோசகர் ஒருவரும் கூட இருப்பார். இங்கே சொல்லும் தவறுகளில் சிலதை நானே செய்திருக்கிறேன்.

பட்டாசு ஆலை வெடிவிபத்தில் தப்பிய ஒரு அக்கா முதல்முறை வந்த அன்று, மெதுவாக ஆரம்பித்த பாட்டைச் சரணத்தில் தூக்கிவிட்டேன். டிரம்ஸ் தம்பியும் சிம்பலை ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அக்கா காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டார். அவருக்குப் பாட்டின் மேல் எந்தக் கோபமும் இல்லை. இது பாட்டுதான் என்று மூளைக்கு எட்டுவதற்குள் உடம்பு பதறிவிடுகிறது. மன அதிர்ச்சி அப்படித்தான் வேலை செய்யும். சத்தம் திடீரென்று ஏறக் கூடாது. அடுத்து என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மைக்கும் எக்கோவும் சின்ன அறைக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று, 'என்ன பாட்டு பிடிக்கும்?' என்று மட்டும் கேட்பது. 'எது வேண்டாம்?' என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். கல்லறையில் கணவரை இறக்கும்போது பாடிய பாமாலை, ஆராதனையில் எல்லோருக்கும் பிடித்த பாட்டாக இருக்கலாம். நம் ஊரில் சங்கு கோயிலிலும் ஊதப்படும், சாவு வீட்டிலும் ஊதப்படும். அந்தச் சத்தம் ஒருவருக்கு எதை ஞாபகப்படுத்துகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

சில நேரம் இடமே காயமாக இருக்கும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் குண்டு வெடித்த இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் உண்டு. அங்கிருந்து உயிர்தப்பிய ஒருவரிடம் 'கோயிலுக்கு வந்து பாடுங்கள், சரியாகிவிடும்' என்று சொல்வது எவ்வளவு கனமான பேச்சு! வராந்தாவில், பகல் வெளிச்சத்தில், கதவைத் திறந்து வைத்து, மைக் இல்லாமல் இரண்டு வரி பாடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். பாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது அழவைக்கும் வித்தையைப் பார்த்தால்தான். விளக்கை அணைத்து, இசையை ஏற்றிக்கொண்டே போய், 'எல்லாவற்றையும் கொட்டிவிடு' என்று மைக்கில் கத்துவது. பத்துப் பேர் கதறினால் கூட்டம் வெற்றி என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தக் கதறல் ஆறுதலாகவும் இருக்கலாம், அந்த நாளுக்கே திரும்பப் போய்விட்டதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்கிறது. மைக்குக்கும் அது பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: துதிப் பாடல் மட்டுமே பாடுவது. துக்கத்தைப் பாடினால் அவிசுவாசம் என்று சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வேதத்திலேயே 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. 137-ல் சிறைபோனவர்கள் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டுப் பாட மறுக்கிறார்கள். ஒப்பாரியில் வளர்ந்த சனத்துக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை, தடுக்காமல் இருந்தால் போதும்.

528 ஹெர்ட்ஸ் அதிர்வு உள்காயத்தை ஆற்றும் என்று ஃபார்வர்டு வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

அப்புறம், கூட்டத்தைச் சட்டென்று முடிப்பது. உச்சத்தில் பாட்டை நிறுத்தி, 'ஆமென், போய் வாருங்கள்' என்றால், கலங்கிய மனசோடு அவர் பஸ் ஏற வேண்டியிருக்கும். நாங்கள் கடைசிப் பத்து நிமிடத்தை இறங்கி வருவதற்கென்றே வைத்திருக்கிறோம். பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, விருப்பமிருந்தால் வாய் மூடி 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுவோம். மூச்சு தானாக நீண்டு வெளியே போகும். கண்ணை மூடச் சொல்வதில்லை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர்.

தூக்கமே இல்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்த பாட்டைத் தேடாதீர்கள். கூடவே இருங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தியாவில் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

அந்தப் பட்டாசு ஆலை அக்கா மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இந்தமுறை ஸ்பீக்கரை அவர் பக்கத்தில் வைத்து, வால்யூம் திருகு அவர் கைக்கு எட்டும்படி திருப்பிவிட்டேன். ஒரு சரணம் கேட்டார். அப்புறம் மெல்லத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நான் சத்தமில்லாத கீபோர்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.