ஆலோசகரின் நரையைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஓய்வூதியப் பணமோ நிலம் விற்ற பணமோ கைக்கு வந்தால், முதலீட்டு ஆலோசகரைப் பற்றி வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஆளுக்கு என்ன வயது?" முப்பதைத் தாண்டாதவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அறுபதைத் தொட்டவர் என்றால் காசோலைப் புத்தகம் வெளியே வரும். வட்டித் தொழிலில் ஊறிய சீமைக்கு இது பொருந்தாத பழக்கம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறி, வட்டிக்கடைகளில் தொழில் பழகச் சேர்ந்த பெட்டியடிப் பையன்கள் மீசை முளைக்கும் வயதிலேயே கடைக்கணக்கு பழகினார்கள். 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தபோது எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாருக்கு வயது 28.

வயதையும் அனுபவத்தையும் ஒன்றென்று நினைப்பதுதான் முதல் தவறு. வேறு வேலையில் ஓய்வு பெற்றபின் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரானவர்கள் நிறைய உண்டு. அப்படி ஒருவருக்கு 62 வயது இருக்கலாம். தொழிலுக்கு வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருக்கலாம். எனவே சந்தை சரிந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 9,000-க்கும் கீழே போனது. 2020-இல் ஜனவரியில் 42,000, மார்ச்சில் 26,000. அந்த மாதங்களில் பதறிப்போய் அழைத்த வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டால், ஆளின் தரம் தெரிந்துவிடும். 2020-ஐக் கண்ட முப்பத்தைந்து வயதுக்காரர், எதையும் காணாத அறுபதைவிட மேல் என்பேன்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. வயதைக் கேட்பவர்கள், ஆலோசகருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. உறவுக்காரரிடம் கேட்கக் கூச்சம் வேறு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் உங்களிடம் கட்டணம் வாங்குவார். உங்களுக்கே கமிஷனுக்குத் திட்டம் விற்க அவருக்கு அனுமதியில்லை. விநியோகஸ்தருக்கு ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தருகிறது, அது உங்கள் முதலீட்டிலிருந்து செலவாகக் கழிகிறது. முன்னவரின் பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், பின்னவரிடம் இருப்பது ஏ.ஆர்.என். எண். கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் இருக்கின்றன. பத்து லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 96 லட்சம். கமிஷனில் ஒரு சதவீதம் கழிந்து 11 சதவீதம் என்றால் சுமார் 80 லட்சம். ஒரு சதவீதத்தின் விலை அவ்வளவு. கமிஷன் வாங்குவது குற்றமில்லை, நல்ல விநியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் மறைப்பவரிடம் எத்தனை நரை இருந்து என்ன?

மடிக்கணினியில் வண்ண வரைபடம் காட்டும் இளைஞரிடம் மயங்குவதும் தவறுதான். அதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. செட்டிநாட்டில் அந்த வியாதி இன்னும் குறைவு.

வயது உண்மையிலேயே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. உங்களுக்கு ஐம்பது, அவருக்கு எழுபது என்றால், உங்களுக்குப் பணம் தேவைப்படும் காலத்தில் அவர் தொழிலில் இருப்பாரா? அவருக்குப் பின் உங்கள் கணக்கைப் பார்ப்பது யார்? பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, ஆச்சி மட்டும் ஊரில் இருக்கும் வீடுகளில் இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். அதோடு முதலீட்டுக் கணக்கில் பதிந்துள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். வசதிக்காகத் தன் எண்ணையே எழுதிவிடும் முகவர்கள் உண்டு. அப்படியிருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள்; மாற்றப் போகும்போது நாமினியின் பெயரையும் சரிபார்த்துவிடுங்கள்.