விளம்பரத் தொழிலிலிருந்து கலை நிறுவனத் தலைமைக்கு: வர நினைப்பவர்களுக்கு

விளம்பர ஏஜென்சியில், வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் கிளையண்ட் சர்வீசிங் பிரிவில் தொடங்கி, ஒரு கிளையையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்தபிறகு நாடகக் குழு ஒன்றின் நிர்வாகப் பொறுப்புக்கு மாறினேன். இதே பாதையில் வர ஆசைப்படுபவர்கள் முதலில் சம்பளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குறையும். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதைவிடக் கடினமான மாற்றம் ஒன்று உண்டு. இதுவரை ஆளைப் பார்த்துச் செய்தியை வெட்டித் தைத்தீர்கள். இனி படைப்பில் கைவைக்காமல், அதற்கான ஆட்களைத் தேடிப் போக வேண்டும்.

வேலையை விட்டுவிட்டுக் கலைக்குள் குதிக்கத் தேவையில்லை. சத்யஜித் ராய் 1943-இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர ஏஜென்சியில், விளம்பரங்களுக்குக் காட்சி வடிவம் தரும் விஷுவலைசராகச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்துக்கொண்டேதான் 1947-இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். அலிக் பதம்சீ லிண்டாஸ் என்ற விளம்பர ஏஜென்சியை நடத்திய காலத்திலும் நாடகம் இயக்குவதை விடவில்லை. நீங்களும் மாலை நேரத்தில், சம்பளமில்லாமல், ஒரு சிறிய குழுவில் சேருங்கள். சேர்ந்ததுமே, 'நீங்கள் விளம்பரக்காரர், போஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். மறுத்துவிட்டுக் கணக்கு வழக்கைக் கேட்டு வாங்குங்கள். போஸ்டர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது அந்தக் கணக்குதான்.

ஏன் கணக்கு? பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரம் வெளியிட ஆகும் மீடியா செலவில் ஏஜென்சிக்கு 15 சதவீதக் கமிஷன் என்பது நம் தொழிலின் பழைய ஏற்பாடு. கிளையண்ட் கூடுதலாகச் செலவழித்தால் ஏஜென்சிக்கும் கூடுதலாகக் கிடைக்கும். நாடகத்தில் இன்னொரு நடிகரைச் சேர்த்தால் செலவு ஏறும். அரங்கில் இருக்கைகள் அதே எண்ணிக்கைதான். பொருளியலாளர்கள் வில்லியம் பௌமாலும் வில்லியம் போவனும் 1966-இலேயே இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் பத்து மடங்கு பொருள் செய்யலாம். நான்கு பேர் வாசிக்கும் இசையை இன்றும் நான்கு பேர்தான், அதே நேரம் எடுத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். மற்ற தொழில்களில் ஊதியம் ஏற ஏற, கலைஞர்களின் ஊதியமும் ஏறியாக வேண்டும். அதனால் அரங்கு நிறைந்தாலும் டிக்கெட் பணம் மட்டும் போதாமல் போவது யாருடைய திறமைக்குறைவாலும் இல்லை. இதை மனதார ஏற்காதவர் தலைமைக்கு வந்தால், முதல் வருடமே நல்ல நாடகங்களைத்தான் வெட்டுவார்.

வங்கி இருப்பைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அதில் எவ்வளவு ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கென்று கட்டுப்பட்ட பணம், எவ்வளவு வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் எடுக்கக்கூடிய பணம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவது தொகைதான் நிறுவனத்தின் உயிர்.

அடுத்தது ஒத்திகை அறை. கடைசி வரிசையில், போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். எங்கள் நாடகம் ஒன்றில் ஒரு கிழவி, வசனமே இல்லாமல், துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைப்பார். ஒரு சட்டையை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொள்வார். 30 வினாடி விளம்பரப் படத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது நீளமாகத்தான் தெரியும். இயக்குநர் திரும்பி, 'எப்படி இருக்கு?' என்று கேட்டபோது நான் காட்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'இதுக்கு உங்களுக்கு என்ன வேணும்?' என்றேன். விளக்கு அமைக்க அரங்கு ஒரு நாள் முன்னதாகக் கிடைத்தால் போதும் என்றார். அந்த ஒரு நாளை வாங்கிக் கொடுப்பதுதான் நம் வேலை. நிகழ்ச்சியன்று அந்தச் சட்டையின் மேல் மட்டும் வெளிச்சம் நின்றது; அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

பழைய தொழிலில் தூக்கிப் போடக்கூடாதவையும் நிறைய உண்டு. கெடு தவறாமை, கிளையண்ட் தன் தேவையை விளக்கும் ப்ரீஃபைக் காது கொடுத்துக் கேட்பது, பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்று தேடும் பழக்கம் மூன்றும் இங்கே பொன். ஆனால் விளம்பரம் செய்யும்போது கலைக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு 1988-இல் சாச்சி அண்ட் சாச்சி ஏஜென்சி செய்த விளம்பரம், அருமையான ஒரு காபிக்கடையோடு ஒரு நல்ல மியூசியமும் இருக்கிறது என்ற தொனியில் பேசியது. கெட்டிக்காரத்தனமான வரிதான். நான் அப்படி எழுத மாட்டேன். காபிக்காக வந்தவர் காபி முடிந்ததும் போய்விடுவார்.

நேர்காணலுக்குப் போகும்போது பழைய கேம்பெய்ன்களையும் விருதுகளையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் குழுவின் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, அடுத்த 12 மாதம் பணம் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அறங்காவலர்கள் அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

பதவிக்கு வந்தபின், நன்கொடையாளரிடம் பேச உங்களைவிடத் தேர்ந்தவர் அங்கே இருக்க மாட்டார். கேட்பதற்கு முன் அவரை ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். நாடகத்தை இப்படி மாற்றலாமே என்று அவர் சொல்லக்கூடும். கிளையண்டுக்குத் தலையாட்டிய பழக்கத்தில் 'பார்க்கலாம் சார்' என்று சொல்லிவிடாதீர்கள். படைப்பின் உள்ளடக்கம் கலை இயக்குநரின் முடிவு என்ற ஒரு வரியை ஒப்பந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். பணம் வருவதற்கு முன்பே அந்த வரியை அவரிடம் வாய்விட்டுப் படித்தும் காட்டிவிடுங்கள்.